எதிர் நாற்காலி உத்தியோகம்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் கோட்டைப் பகுதியில் சாயப்பொடி வியாபாரம் செய்யும் ஒரு குஜராத்தி சேட்டின் ஆபீஸில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். குடியிருப்பு மாட்டுங்காவில். அந்தக் காலத்தில் மாட்டுங்கா ஸ்டேஷனில் காலை வேளையில் யாராவது உரக்க ‘டியர் சார்’ என்று சொல்லியிருந்தால், பிளாட்பாரத்தில் நிற்கிற பாதிப் பேரின் கை தானாகச் சட்டைப் பையிலுள்ள பென்சிலுக்குப் போயிருக்கும். அத்தனை ஸ்டெனோக்கள்.

எனக்கு என் சுருக்கெழுத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. சேட் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவது என் நோட்டில் ஏறிவிடும் என்று ரயிலில் பீற்றிக்கொள்வேன். அதில் பொய் ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக அவர் ஒரே கடிதத்தைத்தான் வெவ்வேறு ஊர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் சேட்டின் மகன் ஜெர்மனியில் படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால், உள்ளே சுற்றுகிற நாடாவில் குரல் பதிவாகிவிடும். பிறகு ஒருவர் காதில் குழாய் மாட்டிக்கொண்டு, காலடியில் உள்ள மிதிகட்டையை மிதித்து, கேட்கக் கேட்க டைப் அடித்துவிடலாம். ஸ்டெனோ வேண்டாம்.

பெரிய சேட் அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார். உடைத்தது யார் என்கிறீர்கள்? அடியேன்தான். என் உத்தியோகத்துக்கு உலை வைக்க வந்த யந்திரத்துக்கு நானே தேங்காய் உடைத்து, நானே எல்லோருக்கும் சில்லு விநியோகமும் செய்தேன். நன்றாக முற்றின காய்.

சின்ன சேட் தன்மையான மனிதர். என்னைக் கூப்பிட்டு, “ஒரு மாசம் ட்ரயல். மெஷின் சரியா வந்துட்டா உங்களை சிவ்ரி குடோனுக்கு மாத்திடறேன். அங்கே ஆள் வேணும்” என்றார்.

சிவ்ரி குடோன் என்பது சாயப்பொடி மூட்டைகள் வந்து இறங்கும் இடம். அங்கே வேலை பார்க்கிறவர்களின் காது மடல் எந்த நிறத்தில் இருக்கிறதோ, அந்த வாரம் அந்தச் சரக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கோ ஊதுபத்திப் புகை பட்டாலே இருமல் பிடித்துக்கொள்ளும். அங்கே போனால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரியும். வேலையை விட்டால் வேறு வேலை? மற்ற ஆபீஸ்களிலும் இந்தப் பெட்டி வந்துகொண்டிருப்பதாகப் பேச்சு.

ரயிலில் இதைச் சொன்னபோது சிநேகிதர் ஒருவர், “ஓய், சிவ்ரிக்குப் போனா ஹோலிக்கு உமக்குத் தனியா கலர் வாங்க வேண்டாம்!” என்றார். ரயில் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்பு அடுத்த ஸ்டேஷனான தாதர் வரைக்கும்கூட வரவில்லை.

வீட்டில் என் மனைவியின் ஆறுதல் வேறு மாதிரி. “ஏன்னா, இத்தனை வருஷமா வெள்ளைச் சட்டையைத் தோய்ச்சுத் தோய்ச்சு என் கை போச்சு. இனிமே எந்தக் கறையும் தெரியாது, விடுங்கோ.”

டைப் அடிக்க ஒரு பெண்ணை நியமித்தார்கள். தாராவியில் தையல்கடை வைத்திருப்பவரின் மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். எங்கள் ஆபீஸில் கால் வைத்த முதல் பெண்மணி அவள்தான். அவள் வந்த அன்றே ஆபீஸ் மாறிப்போயிற்று. வெயில் காலத்தில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு பனியனோடு கணக்கு எழுதும் அக்கவுண்டன்ட், கழுத்து வரை பித்தான் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். டெலிபோனில் திட்டும்போது குமாஸ்தாக்கள் பாதி வார்த்தையை விழுங்கினார்கள். வாயில் வெற்றிலையோடு ஜன்னல் பக்கம் போன பியூன், அங்கிருந்து எட்டித் துப்பாமல் மாடிப்படி இறங்கிப் போய்விட்டு வந்தான்.

அவள் வராத நேரம் பார்த்து நான் ஒருநாள் அந்தக் குழாயைக் காதில் மாட்டி, கட்டையை மிதித்துப் பார்த்தேன். நாடா முன்னால் போவதற்குப் பதில் பின்னால் ஓட, உள்ளே யாரோ கோழியைத் துரத்துகிற மாதிரி சத்தம். பதறி இன்னும் பலமாக மிதித்தேன். கோழி இன்னும் வேகமாக ஓடிற்று.

“சார், கால எடுங்க!” என்று ஓடிவந்தாள். “தையல் மிசினுலே பழக்கம் இல்லையோ? பதறாம மிதிக்கணும். இப்படி மிதிச்சா துணியே கிழிஞ்சிரும்லா.”

என்னை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரப்போகிறவள் என்ற கோபத்தை நான் முறையாக வளர்த்துவந்தேன். அது அவளிடம் எடுபடவில்லை. காலையில் வந்ததும் “வணக்கம் சார்” என்பாள். டப்பாவில் கொண்டுவந்த கடலை உருண்டையை நீட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கிக்கொள்வேன். வாங்காமல் இருந்ததில்லை.

சேட் பேசிக் கொடுத்த முதல் நாடா வந்த அன்று வேடிக்கை ஆரம்பித்தது. காதில் குழாயோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டைப்ரைட்டரில் ‘டியர் சார்’ என்று மட்டும் இருந்தது. கடைசியில் என்னிடம் வந்தாள்.

“சார், சேட்டு ‘டியர் சார்’னு சொல்லுதாரு. அதுக்கப்புறம் வெறும் மூச்சுதாம் கேக்கு. மூச்ச எப்படி டைப் அடிக்க?”

நானும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். டியர் சார். நீளமாக ஒரு மூச்சு. வெற்றிலை மெல்லும் சத்தம். மறுபடி மூச்சு. பிறகு, “சாய் லாவ்!” என்று டீக்கு ஓர் அதட்டல்.

சேட்டுக்கு மைக்கைப் பார்த்துப் பேச வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். மனிதர் மார்க்கெட்டில் நின்றால் ஊரையே விலை பேசுவார். இந்தப் பெட்டியின் முன்னால் கல்யாணப் பெண் மாதிரி குனிந்துகொண்டார். அது தன்னை முறைப்பதாகப் பியூனிடம் குறைபட்டுக்கொண்டாராம். ஒரு முகம் மாதிரி இருக்கட்டும் என்று தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்துப் பார்த்தார். அப்போதும் மூச்சுதான் வந்தது.

“அரே பாய், யே டப்பா குச் போல்தா ஹீ நஹி!” என்றார் என்னிடம். இந்த டப்பா பதிலுக்கு ஒன்றுமே பேசமாட்டேன் என்கிறதே என்று.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ரயிலில் சேட்டின் மூச்சை நடித்தே காட்டினேன். தாதரில் ஏறியவர்கூட மறுபடி ஒரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் நடித்தேன். அவள் சிரித்துவிட்டு, “அப்போ அந்தப் பொண்ணு கதி?” என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இருந்தால்தானே.

நான் யோசிக்காமலே அது மறுநாள் தெரிந்துவிட்டது. பெரிய சேட் பேசவில்லை என்பதைச் சின்ன சேட் நம்பத் தயாராக இல்லை. பெண்ணுக்குத்தான் கேட்டு அடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார். சனிக்கிழமைக்குள் ஒரு முழுக் கடிதமாவது அவள் கையிலிருந்து வர வேண்டும், வராவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அந்தப் பக்கம் காகிதம் தேடுகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வாயில் கடலை உருண்டை இருந்ததால் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மில்லிலிருந்து புகார் வந்தது. அனுப்பிய நீலச் சாயம் முதல் சலவையிலேயே வெளுத்துப்போகிறது என்று. அதை எடுத்துக்கொண்டு சேட்டின் கேபினுக்குப் போனேன். அவர் மைக்கைப் பிடித்தபடி, பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். புகாரைப் படித்தார். முகம் சிவந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது!

என்னிடம் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. விரல்கள் மட்டும் தொடையில் தாமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தன. வழக்கப்படி தலையாட்டினேன். வழக்கப்படி ‘யெஸ் சார்’ போட்டேன். அவர் தடுமாறிய இடத்தில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தேன். முழுக் கடிதமும் முடிந்து வெளியே வரும்போதுதான், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

டப்பா ஒரு முழுக் கடிதத்தை விழுங்கிவிட்டது. அவள் அதை அழகாக அடித்துக் கொடுக்கப்போகிறாள். அவளுக்கு வேலை நிரந்தரம், எனக்கு சிவ்ரி நிரந்தரம். அதற்கு வழி செய்து கொடுத்தவனும் நானே. தேங்காய் ஒன்றுதான் உடைக்கவில்லை.

சற்று நேரத்தில் சின்ன சேட் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் அவள் அடித்த தாள். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இப்படி:

‘உங்கள் புகார் கிடைத்தது. யெஸ் சார். இப்படி எழுத உங்களுக்கு வெட்கமில்லையா. சார், வெட்கம் வேண்டாம் சார், ஆச்சரியமாக இருக்கிறது என்று போடலாம். சரி, ஆச்சரியமாக இருக்கிறது. யெஸ் சார். எங்கள் சாயத்தில் குற்றமில்லை, உங்கள் தண்ணீரில்தான். யெஸ் சார். யெஸ் சார். (தும்மல்).’

“இது என்ன?” என்றார் சின்ன சேட்.

“நாடாவிலே என்ன இருந்திச்சோ அதான் சார்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவரிடம் தாராவி இந்தியில், “சாப், ஆப் சுனோ” என்றாள். நீங்களே கேளுங்கள் என்று பெட்டியை முடுக்கிவிட்டாள்.

என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சங்கீத வித்வான் மாதிரி கனத்த குரல் எனக்கு என்று அதுவரை ஒரு நினைப்பு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பல்லி ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்றது. அந்தத் தும்மலும் பல்லித் தும்மல்தான். கதவோரம் கூடிவிட்ட குமாஸ்தாக்கள் சிரித்த சிரிப்பில் அக்கவுண்டன்டின் கழுத்துப் பித்தான் தெறித்தது.

சத்தம் கேட்டுப் பெரிய சேட் வந்தார். அவள் பயப்படாமல் சொன்னாள்: “சாப், மிஷின் அச்சா ஹை. மகர் மிஷின் கே சாம்னே ஆத்மி மாங்தா.”

மிஷின் நல்ல மிஷின்தான், ஆனால் அதன் எதிரே ஓர் ஆள் வேண்டும் என்று. பெரிய சேட் மேஜையைத் தட்டினார். “வஹீ தோ! அதைத்தானே நானும் சொல்றேன்! இந்த ஆள் இல்லாம நான் யார்கிட்டே பேசறது? சுவத்துகிட்டேயா?”

சின்ன சேட் தாளை இன்னொரு தடவை படித்தார். தும்மலுக்கு வந்தபோது அவரும் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை கேபினில் சேட்டுக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நோட்டு கிடையாது, பென்சில் கிடையாது. சேட் என்னிடம் பேசுவார், பெட்டி கேட்டுக்கொள்ளும், அவள் டைப் அடிப்பாள். வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. கடிதங்கள் சீக்கிரம் முடிந்துவிட்டதால், வருகிற வியாபாரிகளோடு பேசுவது, சேட்டின் கோபத்தை டெலிபோனுக்கு ஏற்றபடி தணித்துச் சொல்வது என்று வேலை வளர்ந்தது. உத்தியோகத்துக்கு செக்ரட்டரி என்று பெயர் வைத்தார்கள். மாட்டுங்காவே மெச்சிக்கொண்ட என் சுருக்கெழுத்து, பால் கணக்கு எழுதப் போய்ச் சேர்ந்தது.

“தலையாட்டறதுக்கா சம்பளம் தரா? அதைக் கொஞ்சம் ஆத்திலேயும் பண்ணப்படாதோ?” என்றாள் மனைவி.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் டைப்ரைட்டருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, என் யெஸ் சாரையெல்லாம் விட்டுட்டுச் சுத்தமா அடிச்சிருக்கலாமே? உனக்கு அன்னிக்கே வேலை நிச்சயமாயிருக்குமே. எது கடிதம், எது தும்மல்னு தெரியாதவளா நீ?”

“தெரியாம என்ன சார்?” என்றாள். “முதல்ல சுத்தமாத்தாம் அடிச்சேன். நல்லாத்தாம் இருந்திச்சு. அதக் குடுத்தா உங்கள குடோனுக்கு அனுப்பிருவாங்க. மறுநாளு எனக்கு மறுபடி மூச்சுதாம் வரும். அப்புறம் என்னையும் அனுப்புவாங்க. அதான் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்லேருந்து அடிச்சேன்.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ நினைத்துச் சிரித்தாள். “தும்மலுக்குத்தாம் சார் ரொம்ப நேரம் யோசிச்சேன். போடலாமா வேண்டாமான்னு. போட்டாத்தான் மொதலாளிங்க சிரிப்பாங்கன்னு தோணிச்சு.”

ஒரே நாற்காலிக்கு நாங்கள் இரண்டு பேர் என்றுதான் அந்த மாதம் முழுக்க நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு நாற்காலி போடச் சொல்லலாம் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ யந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது, நான் மட்டும் அதன் எதிரே நாற்காலி போட இடம் இருக்கிறதா, அதில் யாரை உட்கார வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.