சனுசி ஓட்டாத சிவப்புக் கார்

சனுசி குட்டிப்பேய் வளர்க்கிறார் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. மொட்டைத் தலையும் இடுப்பில் ஒரு துண்டுமாக வந்து, அடுத்தவன் பெட்டியிலிருந்து பணத்தை அள்ளி எஜமானனிடம் கொடுக்குமே, அந்தப் பேய். இல்லாவிட்டால் ஜகார்த்தாவில், குடை விரித்தால் இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கிற சந்தில், தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிற ஆளுக்கு இத்தாலிக்காரன் செய்த கார் எங்கிருந்து வரும்? பேய்க்காக அவர் தினமும் பால் வாங்குவதைக் கண்ணால் பார்த்ததாகப் பலகாரக் கடை தித்தின் அக்கா சத்தியமே செய்தாள். அவர் வாங்கியது டப்பா பால். காப்பிக்கு.

நிஜமாக நடந்தது வேறு. அதைக் கேட்கத் தித்தின் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. நமக்கு உண்டு.

சனுசி பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய வீட்டில் மீன்குளம் பார்த்தவர். ஜப்பான் மீன்கள், ஒவ்வொன்றும் குழந்தை மாதிரி கனம். ஒருநாள், மருத்துவ அட்டை எடுத்துத் தருகிறோம் என்று அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் போனார்கள், நாலு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். பிறகு இடுப்புப் பிடித்துக்கொள்ள, வேலையை விட்டு வந்துவிட்டார். மருத்துவ அட்டை வரவே இல்லை. கார்தான் வந்தது.

அதுவும் தாளில்தான் வந்தது; பெரிய வீட்டார் தங்கள் வரியிலிருந்து தப்ப அவர் பேரில் பதிந்துவிட்ட கார். போன வருஷம் ஒரு மத்தியானம் வரி அலுவலக ஆட்கள் மூன்று பேர் பக்கவாட்டில் நடந்து நடந்து சந்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"காரை எங்க நிறுத்தியிருக்கீங்க, ஐயா?"

"எந்தக் காரு?"

"செவப்பு. ரெண்டே சீட்டு. உங்க பேருலதான் இருக்கு. வரி கட்டலையே?"

சனுசி சுற்றிலும் பார்த்தார். வாசலில் கோழிக்கூண்டு ஒன்றுதான் இருந்தது.

"கூண்டுக்குள்ள பாருங்க சார். கோழி அடைகாத்துக்கிட்டு இருக்கும்."

சந்தே சிரித்தது. அவரோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி. சிரித்து முடித்தபிறகு எல்லாரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்கமே வந்து சொல்கிறதே, சும்மாவா சொல்லும்?

ஒரே வாரத்தில் 'சனுசி அண்ணே' போய் 'பாஸ்' வந்தது. டோமினோ ஆடுகிற பெஞ்சுக்குப் போனால், "பாஸ் உக்காருற எடமா இது?" என்று எழுந்து நின்றார்கள். யாரும் திரும்ப உட்காரவில்லை. மனைவி இறந்து ஆறு வருஷம். பாத்தாம் தீவில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணி, "அப்பா, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க" என்றாள். அன்று அவர் கோழியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

போலீஸ் கடிதங்களும் வந்தன. சிக்னல் தாண்டியதற்கு ஒன்று, வேகத்துக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் கேமரா எடுத்த படம். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஒரு இளவட்டத்தின் தாடை. சனுசி அவற்றை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அவருக்கு வேறு யாரும் கடிதம் போடுவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானிக் கறிக்குச் சந்துத் தலைவர் கோமார் வீடு வீடாகச் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்து, இவர் வாசலை மட்டும் தாண்டினார்.

"கோமாரு, என் சீட்டு?"

"பாஸ், நீங்க மாடு குடுக்குற பக்கம். கறி வாங்குற பக்கம் நாங்க."

கறி பெரிதில்லை. வாயில் பல்லே நாலுதான். ஆனால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு, பள்ளிவாசல் முற்றத்து வரிசையில் முப்பது வருஷம் ஊர்வம்பு பேசி நின்ற மனுஷன். அந்த வருஷம் வரிசையின் சிரிப்பை வீட்டுக்குள் இருந்து கேட்டார்.

"அந்தக் காருலேருந்து உங்க பேர எடுத்துட்டு வாங்க. அடுத்த வருஷம் மொதச் சீட்டு உங்களுக்குத்தான்" என்றார் கோமார்.

சனுசி பெரிய வீட்டுக்குப் போனார். வாசலில் பழைய காவலாளி தார்சோ. உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"யாரு சனுசின்னு மொதலாளி கேக்குறாருண்ணே."

"பன்னண்டு வருஷம்டா."

"மீனுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா உங்க காரு நல்லாருக்கு, நேத்துத்தான் தொடச்சேன்" என்று சிரித்தவன், குரலைத் தணித்தான். "அண்ணே, போன வாரம் எங்கிட்டயும் அடையாள அட்டைய வாங்கிட்டுப் போனாங்க. மருத்துவ அட்டைக்காம்."

அடுத்து வாகன அலுவலகம். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. படிவத்தை அவளே நிரப்பினாள்.

"வித்துட்டீங்களா, திருட்டுப் போச்சா? ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"வாங்கவே இல்லம்மா. எம் பேரத்தான் திருடிட்டாங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"அவங்க எம் பேருல எழுதினப்போ, என்னைக் கூப்பிட்டு யாராச்சும் கேட்டீங்களா?"

"அவங்க பேப்பர் எல்லாம் சரியா இருந்திருக்கும், ஐயா."

பின்னால் வரிசை இருமியது. பேர் போனால் போதும் என்று 'விற்றுவிட்டேன்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்திய தாளைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து கோமாரிடம் நீட்டினார். கோமார் சத்தமாகப் படித்தார். அதுதான் வினை.

"வித்துட்டீங்களா! என்ன வெலைக்குப் போச்சு?"

பொழுது சாய்வதற்குள் பணம் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைந்துவிட்டது, தித்தின் அக்கா வாயில். பேய்தான் குழி தோண்டியதாம். அவளே மறுநாள் ஒரு தட்டு வாழைப்பழப் பஜ்ஜியோடு வந்து, மருமகன் கடை போடப் போகிறான் என்று இழுத்தாள். ஒரு வருஷத்தில் அவர் வீட்டு வாசல்படியை மிதித்த முதல் ஆள். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பணம் இல்லை என்றதும் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

இந்த வருஷப் பெருநாளுக்கும் சீட்டு வரவில்லை. சனுசி இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையைச் சுருட்டிக்கொண்டு, சீட்டு இல்லாமலே பள்ளிவாசலுக்குப் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து ஒதுங்கினான். பின்னால் நின்றவன் ஒரு அடி தள்ளி நின்றான்.

"பாஸுக்கு வழி விடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். "பேய் பையத் தூக்கிட்டு வரலையா, பாஸ்?" என்றாள் தித்தின் அக்கா.

சனுசி நகரவில்லை.

"வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அந்தக் காரை நான் படத்துலதான் பாத்திருக்கேன். பேயும் கெடையாது, தித்தினு. இருந்திருந்தா இந்த ஒரு வருஷமா வீட்டுல பேசறதுக்கு ஒரு ஆளாச்சும் இருந்திருக்கும்."