குழம்புச் சட்டியில் வெந்த டயர்

இன்று காலை ரிமோட் கார் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: ரிம் உடைந்துவிட்டது, அதில் ஒட்டிய டயரைக் கிழிக்காமல் எடுப்பது எப்படி?

"கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள், பசை இளகும்" என்று பதில் போட்டேன். அவர் நம்பவில்லை. அதனால் இந்தக் கதை.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த ரிமோட் கார், எங்கள் மதுரை வீட்டு மாடிப்படியில் உருண்டு ரிம் உடைந்தது. அவன் தந்த உபரி ரிம் இருந்தது. உபரி டயர் இல்லை. மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சக்கரத்தைக் குழம்புச் சட்டியில் போட்டு அடுப்பேற்றினேன்.

உசிலம்பட்டியிலிருந்து சொல்லாமல் வந்து நின்றார் மாமனார். நல்ல பசி. நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்தார்.

கரண்டியால் புரட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இது இன்னும் எம்புட்டு நேரம் வேகணும்?"

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் துண்டால் ரிம்மைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இழுத்தேன். டயர் முழுசாகக் கையோடு வந்தது. இழுத்த வேகத்தில் மாமனார் பின்பக்கமாக விழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பழைய பசையைச் சுரண்டி, புது ரிம்மில் ஒட்டி, காயவிட்டு, மாலையில் மொட்டைமாடியில் ஓட்டினோம். ரிமோட்டைக் கையில் வாங்கிய மாமனார் திருப்பித் தரவில்லை. அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

சட்டிக்காக ஏற்கெனவே கோபத்தில் இருந்த மனைவி சொன்னாள்: "டயரக் கழட்டிட்டீகள்ல? இப்ப எங்கப்பாவ அந்த ரிமோட்டுல இருந்து கழட்டுங்க!"

அதற்கு வெந்நீர் உதவாது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லலாம்.