எறிஞ்சவுக கழுவட்டும்

தட்டு சுவரில் மோதிய சத்தத்தைவிட, அது தரையில் விழுந்து சுழன்ற சத்தம்தான் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எவர்சில்வர் தட்டு விளிம்பில் நின்று சுழன்றது. வேகம் குறையக் குறையச் சத்தம் கூடியது. பிறகு சட்டென்று அடங்கிப் போனது. முன்னறைச் சுவரில் கீரைக் கடைசல் அப்பிக்கொண்டு மெல்ல வழிந்தது. சோற்றுப் பருக்கைகள் காலண்டர் மேலும் ஒட்டியிருந்தன. எறிந்தவன் என் அண்ணன். எதிரே கரண்டியோடு நின்றவர் மதினி, அண்ணனின் மனைவி. அப்போது அவருக்கு ஐந்தாவது மாதம்.

அருப்புக்கோட்டை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு பலசரக்குக் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டான். அவன் தங்கை நான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மதினி எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமான முதல் வருடம் உண்டான பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது முறை உண்டானபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு கம்மியான ரத்தத்த வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுற?" என்று கேட்டிருக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது மதினி சிரித்தார். மழை பெய்தால் காடு முழுக்கக் கீரை முளைத்துக் கிடக்கும் ஊரில் வளர்ந்தவர் அவர். கட்டிக்கொண்டு வந்த வீட்டில்தான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் கீரை சமைப்பதே கிடையாது. அப்பாவுக்குப் பிடிக்காது, அதனால் அம்மா சமைத்ததில்லை. அண்ணனும் அப்பாவைப் போலவே வளர்ந்தான். "ஆடு திங்கிறதக் கொண்டாந்து வைக்காதீக" என்பான். அம்மாவுக்குக் கீரை பிடிக்குமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆம்பளைக்கு எது இறங்குமோ அதுதான் உலையில் ஏறும் என்பது எங்களுக்கு வெயிலைப்போல, தண்ணீர்ப் பஞ்சத்தைப்போல, எப்போதும் இருக்கிற ஒன்று.

டாக்டரம்மா சொன்ன மறுநாளே மதினி ஒரு மண்சட்டியும் மத்தும் வாங்கி வந்தார். திருச்சுழிப் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கும் கீரைக்கார அம்மாவிடம் தினம் ஒரு கட்டு. எங்கள் பக்கத்துக் கரிசல் மண் கீரையின் தண்டில் பசைபோல ஒட்டிக்கொண்டு வரும். அதை அலசி எடுக்க நிறையத் தண்ணீர் வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமான ஊரில், மதினி அலசிய தண்ணீரை ஒரு வாளியில் தேக்கி, மண் அடங்கியதும் மேல் தண்ணீரை இறுத்து வாசல் தெளிப்பார். பாசிப்பருப்பைக் குழைய விட்டு, அதில் பருப்புக்கீரையும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் போட்டு, மூடாமல் வேகவைப்பார். மூடினால் பச்சை செத்துவிடும் என்பார். இறக்கிய பிறகுதான் உப்பு. பிறகு சட்டியை இரண்டு பாதத்துக்கும் நடுவே இருத்தி, மத்தால் கடைவார். கடலெண்ணெயில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்துக் கொட்டும்போது எழும் வாசனை சந்துமுனை வரை போகும். அதுவரை எங்கள் அடுப்படிக்கு அப்படி ஒரு வாசனையே தெரியாது.

மார்க்கெட்டுக்கு அப்போதுதான் பாலக்கீரை வரத் தொடங்கியிருந்தது. அதன் பெரிய இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சதையிருக்கு, சாரமில்ல" என்றார் மதினி. கடைந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது என்று கண்டுகொண்டு, துவரம்பருப்போடு தக்காளி சேர்த்துக் கெட்டியாக வைத்தார். இன்னொரு நாள் பொடியாக அரிந்து கோதுமை மாவோடு பிசைந்து சப்பாத்தியாகப் போட்டார். இதெல்லாம் தனக்காக. அண்ணனுக்குத் தனியாகக் குழம்பும் பொரியலும் வைத்துவிட்டுத்தான் கீரைச்சட்டியை ஏற்றுவார். அந்த இரட்டைச் சமையலை யாரும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தட்டு பறந்த அன்று காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களோடு வெயிலில் நின்று, பிடித்து ஊற்றி முடித்தபோது மதினியின் கால்கள் வீங்கியிருந்தன. அன்றைக்கு ஒரே ஒரு சமையல்தான். சோறும் கீரைக் கடைசலும் ரசமும். அண்ணன் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான்.

"மத்தது எங்க?"

"இன்னைக்கி இதான். கால் ஏலல."

அவ்வளவுதான் பேச்சு. தட்டு பறந்தது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அம்மா ஓடி வந்து தரையில் கிடந்த சோற்றை அள்ளினாள். மிதிபட்டுவிடக்கூடாதே என்ற பதற்றம். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். மதினி அந்தத் துணியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"விடுங்க அத்தை. நீங்க தொடச்சீகன்னா நாளைக்கும் எறிவாக."

"யாராச்சும் வந்தா என்னத்தா நெனப்பாக?"

"நடந்ததத்தான் நெனப்பாக."

பிறகு சட்டியில் மிச்சமிருந்த கீரையைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். அழுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அழவில்லை.

சாயங்காலம் வந்த அண்ணன் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னுமா கழுவல?" என்றான். மதினி அடுப்படி வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், மரியாதையும் குறையாமல் சொன்னார்: "எறிஞ்சவுக கழுவட்டும்."

அண்ணன் அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். மதினி நகரவில்லை. அவன் அங்கிருந்த முக்காலியை உதைத்துவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பரோட்டா தின்ன ஆரம்பித்தான். வீட்டில் தினமும் கீரை மட்டுமே சமைக்கப்பட்டது. தண்டுக்கீரையில் தேங்காய் போட்ட பொரியல், அரிசி கழுவிய தண்ணீரில் முருங்கைக்கீரைச் சாறு, அரைக்கீரை மசியல், பாலக் பருப்பு. "வீட்டுச் சாப்பாடு இருக்கு. வேணுங்கிறவுக சாப்பிடலாம்" என்பார் மதினி. சுவரில் இருந்தது முதலில் கரும்பச்சையாக இறுகி, பிறகு பழுப்பேறியது.

எண்ணெய்ப் பண்டம் அண்ணனின் வயிற்றைக் கெடுத்தது. ஒரு மத்தியானம் சோர்ந்துபோய் வீட்டில் வந்து உட்கார்ந்தான். மதினி சோறும் முருங்கைக்கீரைச் சாறும் கொண்டுவந்து வைத்தார். அவன் தட்டைத் தள்ளினான். அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மகன் சாப்பிட்டு எழுந்த பிறகே தட்டெடுக்கும் அம்மா, தன் தட்டைக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் போடுத்தா."

மதினி பரிமாறினார். அம்மா சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு, மென்று விழுங்கிய பிறகு, அண்ணனைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒங்கப்பா எறிஞ்ச தட்டெல்லாம் நாந்தான் பொறுக்குனேன். தொடச்சேன். நீ பக்கத்துல இருந்து பாத்த. தொடைக்கிறதுக்கு ஒருத்தி இருப்பான்னு அப்பத்தான் படிச்சிருக்க. இந்தச் சுவத்த நான் தொட மாட்டேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டான். அம்மா இன்னொரு முறை சாறு கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தன் வீட்டில் வாரம் தவறாமல் முருங்கைக்கீரை உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னாள்.

அடுத்து அண்ணன் பெரியப்பாவை அழைத்து வந்தான். குடும்பத்தில் எந்தத் தகராறு என்றாலும் அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நாற்காலியைச் சுவருக்கு எதிராகவே போட்டு உட்கார்ந்தார். கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இதக் கழுவுறது அவ்வளவு பெரிய வேலையா?"

"பெரிய வேலையில்ல மாமா. அதனாலதான் அவுகளே செஞ்சிரலாம்னு சொல்றேன்."

பெரியப்பா அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், "இது உங்க வீட்டுச் சங்கதி, என்னைய இழுக்காதீக" என்றார். மருமகள் சொன்னது நியாயம் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாமல் போனார். எங்கள் குடும்பத்தில் அதுவே புதிது.

வளைகாப்பு நெருங்கியது. சொந்தபந்தம் எல்லாம் வரும். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினான். காலையில் வாளியும் மட்டையுமாக வந்தவருக்கு மதினி டீ கொடுத்தார். பிறகு சுவரைக் காட்டி, "அந்த இடத்த மட்டும் விட்டுருங்கண்ணே" என்றார். அவர் விழித்தார். "முதலாளி முழுசா அடிக்கச் சொன்னாருங்களே." மதினி, "மொதலாளி அங்க வேற வேல செய்யப் போறாக" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அது சொல்றபடி செய்யப்பா" என்று குரல் கொடுத்தாள். சாயங்காலம் அண்ணன் வந்தபோது வீடு முழுக்கப் பளீரென்று இருந்தது. நடுச்சுவரில் மட்டும் ஒரு முறத்தளவு பழைய இடம், அதில் காய்ந்த கீரை. முன்பைவிட இப்போதுதான் அது நன்றாகத் தெரிந்தது.

வளைகாப்பன்று விடிந்ததும் அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் வேலையாக இருந்தோம். முன்னறையிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தி, "பாக்க வேணாம் பாப்பா. செய்யட்டும்" என்றார். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. தண்டுக்கீரை அரிந்துகொண்டிருந்தார். அந்தக் கத்தியும் நிற்கவில்லை. காய்ந்து கல்லாகியிருந்த கீரை லேசில் வரவில்லை. சுரண்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு வாளியில் துணி பிழியும் சத்தம். பிறகு அண்ணன் வந்து அடுப்படி வாசலில் நின்றான். கை முழுக்கச் சுண்ணாம்பு.

"பசிக்குது" என்றான்.

மதினி சோறு போட்டு, தண்டுக்கீரைப் பொரியலையும் வைத்தார். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான். "உப்பு கம்மி" என்றான். "போட்டுக்கங்க" என்று உப்பு ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினார் மதினி. அதற்குப் பிறகு கீரைக்கு அவன் அடிமையாகிவிட்டான் என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். இன்றைக்கும் அவன் அதை மருந்து சாப்பிடுவதுபோலத்தான் சாப்பிடுவான். ஆனால் தட்டு எதுவும் பறக்கவில்லை. அம்மா சாகும்வரை எங்களோடு சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மதினிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் நிச்சயதார்த்தம். நான் மதுரையிலிருந்து போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னறையில் உட்கார்ந்திருக்க, அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். வருடங்கள் போகப்போக அந்தக் கீரைச் சண்டையை அவன் சிரிப்புக் கதையாக மாற்றி வைத்திருக்கிறான். விசேஷ வீடுகளில் சொல்வான். அதில் தட்டு கை தவறி விழும். அவன் மனைவிக்குப் பயந்த அப்பாவியாகச் சுவரைச் சுரண்டுவான். அன்றும் அதைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையனும் சிரித்தான்.

மதினி பந்திக்கான வேலையை விட்டுவிட்டு முன்னறைக்கு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது சிரிக்கிற கதையில்ல தம்பி. கை தவறல. எறிஞ்சாக. எனக்கு அஞ்சாம் மாசம், ஒடம்புல ரத்தமில்ல. அன்னைக்கி எனக்கு அம்புட்டுப் பயமா இருந்துச்சு. இந்த வீட்டுக்கு வரப்போற நீங்க சரியாத் தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக மதினியைப் பயமறியாதவர் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "ஆமா. நாந்தான் எறிஞ்சேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அடிச்சிருவாக, இல்ல போகச் சொல்லிருவாகன்னு ஒரு பையில ரெண்டு சேலைய மடிச்சு வச்சு, அரிசி டிரம்முக்குப் பின்னால சொருகியிருந்தேன்" என்றார் மதினி. "அத்தை அதப் பாத்துட்டாக. ஒண்ணுமே கேக்கல. மறுநாள் எடுத்துப் பாக்கேன், எஞ்சேலைக்கு மேல அவுக சேலையும் ரெண்டு மடிச்சு வச்சிருக்கு."

அண்ணன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். இது அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது.