வராத எருமை

செகந்திராபாத்தில் தமிழ் பேசும் மக்களுக்கிடையே ஒரு காலத்தில் நான் பயங்கரமான சினிமா விமர்சகன். பத்திரிகையில் எழுதியவன் இல்லை. ஹைதராபாத் தமிழர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுமம் இருந்தது. வாடகைக்கு வீடு, பழைய சோபா, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்ப வேண்டிய பொட்டலம் என்று எல்லாம் அதில்தான் நடக்கும். அதில் சனிக்கிழமைதோறும் என் விமர்சனம் வரும். அதற்காகவே காத்திருந்தார்கள் என்று அன்று நம்பினேன். இன்றும் கொஞ்சம் நம்புகிறேன்.

எனக்குப் பிழைப்பு, கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூரில் மென்பொருள் சோதிப்பது. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, எண் போட்டு, தீவிரம் எவ்வளவு என்று குறித்து, அந்தப் பிழையை மறுபடியும் வரவழைப்பது எப்படி என்று வழியும் எழுதி அனுப்ப வேண்டும். டெவலப்பர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சினிமாவுக்கும் அதே படிவத்தைத்தான் பயன்படுத்தினேன். “குறை எண் மூன்று. தீவிரம்: நடுத்தரம். கதாநாயகி காலையில் மஞ்சள் புடவையில் பஸ் ஏறி, மத்தியானம் பச்சைப் புடவையில் இறங்குகிறாள். மீண்டும் நிகழச் செய்யும் வழி: இன்னொரு டிக்கெட் வாங்கவும்.” இப்படி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் விமர்சனமே அமெரிக்கா போய்ச் சுற்றிவிட்டு, “இதைப் படித்தீர்களா?” என்ற குறிப்போடு எனக்கே திரும்பி வந்ததுண்டு. அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்போது பல தமிழ்ப் படங்கள் எங்கள் ஊருக்கு இரண்டு வேஷத்தில் வரும். வெள்ளிக்கிழமை தெலுங்கில் மொழிமாற்றம் செய்து ஊரெல்லாம் ஓடும். அசல் தமிழ்ப் படம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செகந்திராபாத்தில் ஒரே ஒரு தியேட்டரில், ஒரே ஒரு காட்சி. சென்னை ரயிலில் வரும் படப்பெட்டியை இறக்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவதற்கென்று ஒருவர் இருந்தார். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை, ஹைதராபாத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம். அந்த ஞாயிற்றுக் காட்சியைத் தியேட்டர்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி நடத்தி வந்தவரும் அவர்தான். எல்லோருக்கும் அவர் பெட்டி அண்ணன்.

நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராகப் போய்த் தெலுங்கு வடிவத்தைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தீர்ப்பு சொல்ல வேண்டாமா? என் தெலுங்கு ஆட்டோவில் பேரம் பேசவும் டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லவும் போதுமானது. அதை வைத்துக்கொண்டு வசனம் மோசம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

என் மனைவி ஞாயிற்றுக்கிழமைக் காட்சியைத் தவறவிட்டதே இல்லை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து எங்கள் மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். காய்காரர் தெலுங்கில் பேசுவார், பால்காரர் உருதில் பேசுவார், மாடி வீட்டு அம்மா இங்கிலீஷில் பேசுவார். நானோ மாதாப்பூரில் பேசித் தீர்த்துவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறக்க மாட்டேன். அவளுக்கு வாரத்தில் இரண்டரை மணி நேரம் காது நிறையத் தமிழ் கிடைத்தது அந்தத் தியேட்டரில்தான். படம் நல்லதா கெட்டதா என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டு வருவாள். நான்தான் வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேனே, ஞாயிற்றுக்கிழமை எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அப்படியிருக்க, ஒரு லாரி ஓட்டுநர் படம் வந்தது. அண்ணன் தங்கைச் சண்டை. அப்பா சாவுக்குத் தங்கை வரவில்லை என்று ஆறு வருஷமாக அவள் முகத்தில் விழிக்காத அண்ணன், திடுதிப்பென்று அவள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து கதறுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டு காமெடி நடிகர்கள் ஒரு எருமையைத் துரத்துகிறார்கள். பத்து நிமிஷம். எருமை ஒரு கல்யாணப் பந்தலில் நுழைந்து மாப்பிள்ளையின் மாலையைத் தின்கிறது. உடனே அண்ணன் அழுகிறான். “குறை எண் ஏழு. தீவிரம்: மிக அதிகம். கதாநாயகன் எந்தக் காரணமும் இன்றி மனம் திருந்துகிறான். எருமையைப் பார்த்துத் திருந்தினான் என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. படத்தில் நடிக்கத் தெரிந்ததும் அந்த எருமைக்கு மட்டும்தான்.” சனிக்கிழமை மத்தியானம் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்கள். “நல்லவேளை, காப்பாற்றினீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருக்கிறோம்” என்று பாதிப் பேர் நன்றி சொன்னார்கள்.

மறுநாள் மனைவி வீடு திரும்பியபோது கண் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் இளக்காரம்.

“அழுதியா? இந்தப் படத்துக்கா?”

“டீக்கடை சீனுல அழாம இருக்க முடியுமா? நீங்க அதப் பத்தி ஒரு வார்த்தகூட எழுதலியே.”

“எந்த டீக்கடை?”

“தங்கச்சி அன்னைக்கு வந்திருக்கா. அண்ணன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னதால தெருமுனையிலயே நின்னு அப்பாவப் பாத்துட்டுப் போயிருக்கா. அத டீக்கடைக்காரர் சொல்லுதாரு. அண்ணன் கையில கிளாஸ வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். டீ ஆடை கட்டிப் போவுது. அதப் போயி…” திடீரென்று நிறுத்தினாள். “ஆமா, அந்த எருமை எங்க?”

“எங்கேன்னா?”

“நாங்க அவ்வளவு பேரும் எருமை எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தோம். கடைசி வரைக்கும் வரவே இல்ல. நீங்க எந்தப் படத்தப் பாத்துட்டு எழுதுனிய?”

விஷயம் எனக்கு மெல்ல விளங்கியது. தெலுங்கு வியாபாரத்துக்காக அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளூர் காமெடியைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் உலகத்துக்கே விளக்கிச் சொன்ன எருமை தமிழ்ப் படத்தில் பிறக்கவே இல்லை. மனைவி சோபாவில் உட்கார்ந்து சிரித்தாள், எழுந்து சிரித்தாள், சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போய் அங்கேயும் சிரித்தாள். திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

“இன்னைக்குத் தியேட்டர்ல மொத்தம் பதினாலு பேருங்க. பெட்டி அண்ணனையும் சேத்து.”

தியேட்டர்காரர் கெடு வைத்துவிட்டாராம். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஒரு நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜாவா என்ற கணினி மொழிக்கு இலவச மாதிரி வகுப்பு நடத்த அந்த ஹாலைக் கேட்கிறது. இன்னும் ஒரு வாரம் பார்ப்பார். ஹால் பாதியாவது நிரம்பவில்லையென்றால் தமிழ்ப் படம் கிடையாது, ஜாவாதான்.

“எனக்கு ஜாவா வேண்டாங்க” என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கோ குத்தியது.

எங்கள் தொழிலில் மன்னிக்கவே முடியாத ஒரு கேவலம் உண்டு. மென்பொருளில் ஒவ்வொரு முறை மாற்றம் செய்து வெளியிடுவதையும் பில்டு என்போம். டெஸ்டர் ஒருவன் தப்பான பில்டை வைத்துச் சோதித்துவிட்டுக் குறை எழுதினால் அவன் கதை முடிந்தது. டெவலப்பர்கள் அதைப் பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். பத்து வருஷத் தொழிலில் அந்தத் தவறை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஆபீஸில் செய்யாததைச் சினிமாவில் செய்துவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தப்பிக்க வழி தேடினேன். “இரண்டாம் முறை பார்த்தபோது படத்தின் ஆழம் புரிந்தது” என்று ஒரு மடலை எழுதிக்கூட வைத்தேன். மனைவி அதைப் படித்துவிட்டு, “மொத தடவையே பாக்கலியே, ரெண்டாந் தடவ எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பருப்பைத் தாளிக்கப் போனாள்.

வியாழக்கிழமை பெட்டி அண்ணன் போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

“சார், உங்க விமர்சனம் படிச்சேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. ஹவ் சார், நெஜமா! கைக்கு பொய் சொல்லணும்?” என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் தமிழுக்குள் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’வும் ‘எதற்கு’ என்பதற்கு ‘கைக்கு’வும் உருதிலிருந்து வந்து குடியேறியிருந்தன.

“அண்ணே, அந்த எருமை விஷயம்…”

“அத விடுங்க சார். பெட்டிய நான் திருப்பி அனுப்பல. இந்த ஞாயிறும் அதே படம்தான். கடைசி ஆட்டமா இருந்தாலும் நல்ல படமா இருக்கட்டுமேன்னு பாத்தேன். முடிஞ்சா வாங்க.”

அவர் திட்டியிருக்கலாம். போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சிக்கு நான் ஒரு நாள்கூடப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை குழுமத்துக்கு எழுதினேன். “குறை எண் ஏழு செல்லாது. எருமையும் செல்லாது. நான் தப்பான பில்டைப் பார்த்துவிட்டு எழுதினேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானும் வருகிறேன். யார் வேண்டுமானாலும் வந்து சிரித்துக்கொள்ளலாம். ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு சிரிக்கவும்.”

அனுப்பிய அரை மணியில் மடல் மாதாப்பூர் முழுக்கப் பரவிவிட்டது. நான் யார் யாருக்கெல்லாம் குறை எழுதியிருந்தேனோ அத்தனை டெவலப்பர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மனைவி, மாமியார், கைக்குழந்தையோடு வந்தார்கள். தமிழே தெரியாத மூன்று தெலுங்குக்காரர்கள் என் அவமானத்தைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். தியேட்டர்காரர் பாதி ஹால் கேட்டார், முக்கால் ஹால் நிரம்பியது. விளக்கு அணைந்ததுமே பின்னாலிருந்து ஒருவன் “எருமை! எருமை!” என்று கத்தினான். ஹாலே சேர்ந்துகொண்டது. அது என்னைச் சொன்னதா படத்தைச் சொன்னதா என்று நான் ஆராயவில்லை.

டீக்கடைக் காட்சி வந்தபோது யாரும் கத்தவில்லை. நானும் அழுதேன். ஒழுங்காக, மூக்கு உறிஞ்சி அழுதேன். நியாயமாகச் சொன்னால் மற்ற குறைகள் எல்லாம் அப்படியே இருந்தன, சண்டைக் காட்சியில் லாரியின் நம்பர் பலகை இரண்டு தடவை மாறியது. அதை மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

படம் முடிந்து வெளியே வந்ததும் பெட்டி அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தியேட்டர்காரர் ஜாவாவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒருவழியா வண்டிய நிறுத்திட்டு வந்துட்டீங்களா சார்?”

எனக்குப் புரியவில்லை. மனைவி சட்டென்று ஆட்டோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்க வீட்டம்மா பக்கத்து சீட்டுல எப்பவும் பைய வெச்சிருப்பாங்க. யாராவது கேட்டா, வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திட்டு வராருன்னு சொல்வாங்க. ரெண்டு வருஷமா நிறுத்துறீங்களே, அப்படி என்ன வண்டி சார் அது?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆட்டோவில் மாரெட்பள்ளி வந்து இறங்கினோம். வீட்டு வாசலில் அவளே சொன்னாள்: “தெரியாத ஆளு பக்கத்துல வந்து உக்காந்துரக் கூடாதுல்லா, அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.”

அதற்குப் பிறகு என் விமர்சனங்கள் திங்கட்கிழமைதான் வெளியாயின. எல்லோரும் பார்த்து முடித்த படத்தைப் பற்றி எவன் என்ன எழுதினால் யாருக்கு என்ன? மெல்ல மெல்ல வாசகர்கள் கழன்றுகொண்டார்கள். அந்தக் காட்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் ஆபீஸுக்கு எடுத்துப்போகும் ஸ்கூட்டரில் இருவரும் போனோம். அவளை வாசலில் இறக்கிவிட்டு, நெரிசலில் இடம் தேடி நிறுத்திவிட்டு உள்ளே போனபோது பெயர் ஓடத் தொடங்கியிருந்தது. இருட்டில் ஒருவர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பையின்மேல் கையை வைத்துக்கொண்டு, “வண்டிய நிறுத்திட்டு வாராவ” என்றாள்.

நான் சாவியை ஆட்டிக் காட்டினேன்.