வாயோரம் வைத்து ஊதியவர்

என் மேசை இழுப்பறையில், மாத்திரை அட்டைகளுக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே ஒரு மவுத்பீஸ் கிடக்கிறது. டிரம்பெட்டின் முனையில் செருகி உதட்டில் வைத்து ஊதுகிற சின்னக் கிண்ணம் அது. வெள்ளி முலாம் பூசியது. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. மறுபக்கம் இன்றும் பளபளக்கிறது. எதையும் எண்ணிச் சரிபார்த்து, அப்புறமும் சந்தேகப்படுகிற ஆள் நான். தினமும் இழுப்பறையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். இருப்பது ஒன்றே ஒன்றுதான். இருந்தாலும் எண்ணுகிறேன்.

அது எங்கள் பேண்டு மாஸ்டருடையது. பல்லடத்துப் பக்கம் கூலி வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா ஒரு பெரிய தோட்டத்தில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். மாஸ்டர் சர்ச் விடுதியில் தங்கிப் படித்தபோது, பாட்டுக்குக் குரல் சரியில்லை என்று ஓரங்கட்டி, கையில் ஒரு நசுங்கிய டிரம்பெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கோவையில் ஒரு மில் பேண்டுக்குப் போனார். பிறகு ஆறு பேரோடு சொந்தமாகத் தொடங்கினார். தொண்ணூறுகளில் நாங்கள் இருபத்திரண்டு பேர். சிவப்புக் கோட்டு, சரிகைக் குஞ்சம், வெள்ளை ஷூ. ஈரோட்டிலிருந்து பாலக்காடு வரை அவ்வளவு பெரிய செட்டு வேறு கிடையாது.

நான் அதே மில்லில் ஆட்கள் வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீஸ் கிளார்க். மில்லை மூடியதும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க டைம் ஆபீசு, கூரையில எத்தன ஓடுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கறதுக்கு, இங்க வந்து தாளத்த எண்ணுங்க" என்றார். பெரிய டிரம்மை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அடிப்பது, பஸ்ஸில் ஏறும்போது தலைகளை எண்ணுவது, மழை வருமோ என்று பயப்படுவது, இந்த மூன்றும் என் வேலை ஆயின. மூன்றாவதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பில்தான் அது நடந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் வாயில் பத்து ரூபாய் நோட்டைக் கவ்விக்கொண்டு மாஸ்டருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். ஆடுகிற வேகத்தில் சுழன்று திரும்பினார். அவர் தோள் டிரம்பெட்டின் வாயில் மோதியது. முன்னே நீட்டியிருந்த கருவி பின்னே வந்து மாஸ்டரின் முகத்தில் இடித்தது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போயின. மாஸ்டர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, மற்ற கையால் தாளம் காட்டி, மண்டபம் வரை ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போய்ச் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல்தான் அடித்தளம். உதட்டை அதன்மேல் அழுத்தித்தான் சுரம் எழும்ப வேண்டும். டாக்டர் பல்செட்டு கட்டிக் கொடுத்தார். முதல் நாள் ஒத்திகையில் மாஸ்டர் மேல் சுரத்துக்கு மூச்சைக் கூட்டியபோது, பல்செட்டு கழன்று மவுத்பீஸில் போய் 'டக்'கென்று முட்டியது. கிளாரினெட்காரர், "நம்ம மாஸ்டரு ஊதறதுக்கு முன்னால பல்லு ஊத வந்துருச்சுங்கோ" என்றார். மாஸ்டர்தான் எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். ஆனால் பல்செட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டவர், ஒத்திகை முடியும் வரை டிரம்பெட்டைத் தொடவில்லை.

அந்த ஆவணியில் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணம் எங்களுக்குப் பேசி வைத்திருந்தது. மாஸ்டரின் அப்பா தண்ணீர் இறைத்தது அந்தப் பண்ணைக்காரர் வீட்டுத் தோட்டத்தில்தான். பல் போன சேதி அவர் காதுக்கும் போய்விட்டது. நேரில் வந்தார். "மாஸ்டரு ஊதறதா இருந்தா வாங்க. இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் வேற செட்டுக்குச் சொல்லோணும். உங்க செட்டுல மத்தவிக ஊதறதுக்கு நான் எதுக்குங்க இத்தன தூரம் வர்றேன்?" அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனால் எங்களைப் பேசியிருந்த மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மாஸ்டர் வாயை மூடியபடியே தலையாட்டினார். ஊதுகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது டிரம்பெட் அவருடைய அக்கா மகன். அவன்தான் வழி சொன்னான். "மாமா, நீங்க முன்னால நின்னு வாயில வெச்சுக்குங்க. நான் பின்னால நின்னு ஊதிப்போடறேன். எவனுக்குத் தெரியப் போகுது?" மாஸ்டர் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாளிலிருந்து மதியம் ஆனால் மாஸ்டர் டிரம்பெட் பெட்டியோடு மதுக்கரைக்குப் பஸ் ஏறினார். அங்கே கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளம், எதிரே மலை. மனிதர் காதில் விழாது, எதிரொலி மட்டும் திரும்பி வரும். பல் இருக்கிற வலது ஓரத்தில் மவுத்பீஸை வைத்து ஊதிப் பார்த்தார். முதலில் காற்றும் எச்சிலும்தான் வந்தன. "மலையே பதில் சொல்ல மாட்டேங்குதுங்க" என்றார். நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை தவறுகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வாய் விட்டு எண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு நாள் திரும்பி, "டைம் ஆபீசு, நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க. நீங்க எண்ணறது எனக்குக் கேக்குது" என்றார். அதன்பின் அவர் எதுவரை போனார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பல்லடத்தில் சாயங்கால வெயில் இறங்கும்போது வரிசையில் நின்றோம். முன்னால் மாஸ்டர், நடுவில் டிரம்மோடு நான், எனக்குப் பின்னால் மருமகன். எங்கள் முதல் உருப்படி டிரம்பெட்டின் ஒரு நீண்ட மேல் சுரத்தில் தொடங்கும். நான் நாலு அடி கொடுக்க வேண்டும்; ஐந்தாவதில் அந்தச் சுரம் விழ வேண்டும். பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். ஒன்று, இரண்டு. மருமகன் மூச்சை இழுப்பது என் பிடரியில் கேட்டது. மூன்று. அப்போது மாஸ்டரின் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து விரிந்தது. மருமகனைப் பொறு என்றது. நாலு.

சுரம் முன்னாலிருந்து வந்தது. கோணிய வாயிலிருந்து, கொஞ்சங்கூடக் கோணாமல், அந்தத் தெருவின் இரண்டு பக்கத்துச் சுவர்களையும் தொட்டுக்கொண்டு போயிற்று. வழக்கமாக அதை அவர் பதினாறு தட்டு வரை இழுப்பார். நான் எண்ணினேன். பதினாறைத் தாண்டியது. இருபது, இருபத்தொன்று, அதற்குமேல் எனக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. அதுவரை என் வாழ்க்கையில் ஒன்றை எண்ணத் தொடங்கி முடிக்காமல் விட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன், மருமகன் டிரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டு அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். பண்ணைக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, "மாஸ்டரு, இன்னொருக்கா!" என்று கத்தினார். அது மாப்பிள்ளை அழைப்பு, கச்சேரி இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் மாஸ்டர் அப்படியேதான் ஊதினார். பல்செட்டு சாப்பாட்டுக்கு மட்டும். இருபத்திரண்டு பேர் முப்பது ஆனோம். அவரிடம் படித்தவர்கள் தனித்தனிச் செட்டு வைத்தார்கள். அவர் காலமானபோது, கூப்பிடாமலே எல்லாச் செட்டும் வந்து முன்னால் ஊதிக்கொண்டு போயின. மவுத்பீஸை அவர் சம்சாரம் என்னிடம் கொடுத்தார். "நீங்கதானுங்க பத்திரமா எண்ணி வெச்சுக்குவீங்க" என்றார்.

போன மாதம் கோவையில் ஒரு கல்யாணம். மருமகன்தான் இப்போது செட்டை நடத்துகிறார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. முன்வரிசையில் ஓர் இளைஞர் டிரம்பெட்டை வலது வாயோரத்தில் வைத்து ஊதினார். எனக்குப் பகீரென்றது. ஓய்வு விட்டதும் போய்க் கேட்டேன்: "ஏங்கண்ணு, முன்பல்லுக்கு என்னாச்சு?"

"பல்லுக்கு என்னங்கய்யா? நல்லாத்தான் இருக்குது. எங்க செட்டுல எல்லாருமே ஓரமா வெச்சுத்தானுங்க ஊதுவோம். பெரிய மாஸ்டர் காலத்துலிருந்தே அப்படித்தானுங்க. ஓரமா வெச்சாத்தான் மேல் சுரம் ஏறுமுங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மேல்வரிசையை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. மருமகனைப் பார்த்தேன், அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். மவுத்பீஸ் இருந்தது. தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். இந்த நேரத்தில் இந்த ஊரில் இன்னும் எத்தனை மவுத்பீஸ்கள் இதே பக்கம் தேய்ந்துகொண்டிருக்கும் என்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. தினமும் எண்ணிப் போடுகிற மாத்திரையை அன்றைக்குப் போட மறந்துவிட்டேன்.