மஞ்சள் சொட்டு விடுகிறவள்

கண் ஆஸ்பத்திரி வேலையில் ஒரு சாபம் உண்டு: கல்யாண வீடானாலும் பஸ்ஸானாலும், யாராவது கண்ணைக் கசக்கினால் தட்டிவிட நம் கை தானாகப் போகும். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். திருவனந்தபுரத்தில் நான் டெக்னீஷியன். தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும், "சேச்சி, உங்க ஆளு" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படி வந்தவன்தான் இசக்கிமுத்து.

வத்தல் மூட்டை

தென்காசிப் பக்கத்துப் பையன். இங்கே ஆரியசாலை மொத்தக் கடையில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்குகிறான். கருவிழி மெலிகிற கோளாறு முன்பே இருந்திருக்கிறது. வத்தல் தூசு அரித்து அரித்து, இவன் புறங்கையால் கசக்கிக் கசக்கி அதை முடுக்கிவிட்டான். இடது கண்ணில் தழும்பே விழுந்தாயிற்று, இனி மாற்றுக் கருவிழிதான் வைக்க வேண்டும். வலது கண்ணும் கூம்பாகப் பிதுங்க ஆரம்பித்திருந்தது. அதுவும் போனால் பிழைப்பே போச்சு. டாக்டர் திட்டத் திட்ட, இவன் சொல்கிறான்:

"கசக்குனா என்ன சொகம் தெரியுமா சாரே, அத மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க."

நீல வெளிச்சம்

வலது கண்ணைக் காப்பாற்ற ஒரு சிகிச்சை உண்டு; தையல் கிடையாது, ஊசி கிடையாது. கண்ணை மரத்துப்போக வைத்து, கருவிழியின் மேல்தோலை மெல்ல வழித்துவிட்டு, மஞ்சள் நிற வைட்டமின் சொட்டை விட்டுக்கொண்டே இருப்போம். பிறகு நீலமாய்த் தெரிகிற புற ஊதா வெளிச்சம் காட்டினால் கருவிழி இறுகிக்கொள்ளும். சொட்டு விடுவது என் வேலை. படுத்துக் கிடந்தவன் என் கோட்டு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டான். ஐயோ பாவம், பயம் போலிருக்கிறது என்று, "பேடிக்கண்டா மோனே" என்றேன். மலையாளம் அப்படித்தான், அவசரத்தில் முந்திக்கொண்டு வந்துவிடும்.

"பேடி இல்லக்கா, கை சும்மா கெடந்தா கண்ணுக்குப் போயிரும், அதான் புடிச்சிருக்கேன்."

தோர்த்து

மேல்தோல் வளர்கிற வரை எரிச்சல் உயிரை வாங்கும். தூக்கத்தில் கசக்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவன் மனைவி செல்வியிடம் சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தபோது அவன் மணிக்கட்டில் சிவப்பாய்த் தடம். பதறிப்போய்க் கேட்டால், ராத்திரி கையைத் தோர்த்துத் துண்டால் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறாள் மகராசி! கூட வந்திருந்த செல்வியே சொன்னாள்:

"ஏசத்தான் செஞ்சாரு, ஏசட்டும். கண்ணு இருந்தாத்தானக்கா ஏசுத ஆளப் பாக்க முடியும்?"

அதே படம்

கடை முதலாளி நல்ல மனுஷன், அவனை வெல்ல மூட்டைப் பக்கம் மாற்றிவிட்டார். பல மாதம் கழித்து வலது கண்ணைப் படம் எடுத்தோம். கருவிழி பிதுங்கிய இடம் அதில் சிவப்பாய்த் தெரியும். சிகிச்சைக்கு முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு பரவியிருக்கும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பரவவில்லை, துளிகூட. ஆனால் இந்தச் சிகிச்சை கண் கெடுவதை நிறுத்துமே தவிர, போன பார்வையைத் திருப்பித் தராது. அதனால் தயங்கித் தயங்கி, "பார்வை கூடலையே தம்பி, வருத்தமா?" என்றேன். இடது கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"போன வருசம் பாத்த அதே மூஞ்சி தெரியுதுக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

ஒன்றுமே மாறவில்லை என்று சொல்லிக் கும்பிடு வாங்குகிற உத்தியோகம், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.