பக்கத்து மேசையில் டிஸ்யூ பெட்டி

இன்னிக்கு கிள்ளான்ல ஒரு கோயில் மண்டபத்துல பள்ளிப் பிள்ளைங்களுக்கு வேலை வழிகாட்டி நிகழ்ச்சி. இஞ்சினியர்னு என்னையும் ஒரு மேசையில உட்கார வச்சாங்க. ஹெல்மெட், ட்ரோன், இலவசப் பேனா எல்லாம் கொண்டு போனேன்.

பக்கத்து மேசையில மனநல ஆலோசகர், சின்ன வயசுப் பொண்ணு. அவங்ககிட்ட இருந்தது ஒரு டிஸ்யூ பெட்டி மட்டும்தான். ஆனா கூட்டம் பூரா அங்க.

"உட்கார்ந்து தமிழ்ல மனக்குறை கேக்க ஆளே பத்தல, நீங்க இந்தப் படிப்புக்கு வாங்க"ன்னு பிள்ளைங்களக் கூப்பிட்டாங்க. அம்மாமாருங்களும் சேர்ந்து வந்துட்டாங்க. "மகளுக்குக் கேக்குறேன்"னு உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல.

என்கிட்ட வந்த ஒரே மாணவி, "அங்கிள், அந்த வரிசை இங்கதான் முடியுதா?"ன்னு கேட்டா.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் போய் அந்த வரிசையில நின்னா. அரை மணி நேரம் பேசினா. சிரிச்சா. கண்ணத் தொடச்சா.

வீட்டுக்கு வர்றப்ப காடி ஓட்டிக்கிட்டே கேட்டேன், "அப்படி என்ன பேசின?"

"எஸ்.பி.எம். பரீட்சைக்கு என்ன பாடம் எடுக்கணும்னு மகளுக்குக் கேட்டேன்லா."

எங்க மக ஜோகூர்ல அக்கவுண்டன்ட். பள்ளிக்கூடம் முடிச்சு வேலைக்குச் சேர்ந்தே வருஷக்கணக்காச்சு.

நாளைக்கே நானும் ஒரு டிஸ்யூ பெட்டி வாங்குறேன். எந்த பிராண்ட் வச்சா வீட்டுக்காரி நம்மகிட்ட பேசுவாளுன்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க.